எந்த அறையில் வைப்பது?

ஒரு வீட்டில் ஒருவருக்கு எவ்வளவு மதிப்பு என்று அறிய வேண்டுமானால், அவரை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். கூடத்து ஊஞ்சலிலா, திண்ணையிலா, கொல்லைப்புறத்திலா? வாய் உபசாரத்தைவிட இடம் அதிகம் பேசிவிடும். காட்சிசாலைகளுக்கும் இது பொருந்தும் என்பதற்கு நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலைக் காட்சிசாலையே நல்ல உதாரணம்.

1870-ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட அந்தக் காட்சிசாலையில் 1924-ல் 'அமெரிக்கப் பகுதி' என்ற தனிப் பிரிவைத் திறந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் பழைய வீட்டு அறைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, நாற்காலி, மேஜை, வெள்ளிப் பாத்திரங்களுடன் அமைத்தார்கள். இதுவே அமெரிக்கா என்று அந்த அறைகள் சொல்லாமல் சொல்லின.

நம் பாடப் புத்தகங்களில் 'செவ்விந்தியர்' என்று படித்தோமே, அந்தப் பூர்வகுடிகள் அனைவருக்கும் பிரஜா உரிமை அளிக்கும் சட்டமும் அதே 1924-ல்தான் நிறைவேறிற்று. ஆயிரக்கணக்கான வருஷங்களாக அம்மண்ணில் வாழ்ந்தவர்களை, நேற்று வந்தவர்கள் பிரஜைகளாக ஏற்றுக்கொண்டார்கள்! சட்டத்தில் இடம் கிடைத்தது. அமெரிக்கப் பகுதியில் கிடைக்கவில்லை. 1982-ல் வேறொரு பகுதி திறக்கப்பட்டபோது, பூர்வகுடிகளின் கலைப்பொருள்கள் ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் முதலியவற்றின் பொருள்களோடு அங்கே வைக்கப்பட்டன. சொந்த நாட்டுக் கலை, அந்நிய தேசத்துக் கலைகளின் வரிசையில்!

அமெரிக்கப் பகுதியில் புகழ்பெற்ற சித்திரம் ஒன்று உண்டு. 1776 டிசம்பர் 25-ந் தேதி இரவு வாஷிங்டன் தம் படையுடன் டெலவேர் நதியைக் கடந்த காட்சியை, 1851-ல் எமானுவேல் லாய்ட்ஸே என்னும் ஓவியர் தீட்டினார். உயரம் 12 அடிக்கு மேல். அகலம் 21 அடிக்கு மேல். பனிக்கட்டிகளைத் தள்ளிக்கொண்டு படகு செல்ல, வாஷிங்டன் நிமிர்ந்து நிற்கிறார். அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற நமக்கு, அதைக் கண்டால் உள்ளம் பூரிக்காமலிருக்குமா?

ஆனால் அந்த நதியின் இரு கரைகளும் லெனாப்பே மக்களின் தாயகம். 1779-ல் அதே வாஷிங்டனின் உத்தரவுப்படி சென்ற சேனை, இரோகுவா மக்களின் 40-க்கு மேற்பட்ட ஊர்களை எரித்தது. 'ஊரை அழிப்பவர்' என்றே அம்மக்கள் அவரை அழைத்தார்கள். சித்திரம் பொய் சொல்லவில்லை; பாதிக் கதையைச் சொல்லுகிறது. மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த அறைக்கு வெளியே இருந்தார்கள்.

2018 அக்டோபரில் இந்த ஏற்பாடு மாறிற்று. டைக்கர் தம்பதிகள் சேகரித்த பூர்வகுடிக் கலைப்பொருள்களில் 116, முதல் முறையாக அமெரிக்கப் பகுதியிலேயே காட்சிக்கு வந்தன. 94 வருஷம் கழித்து வீட்டுக்காரருக்குக் கூடத்தில் இடம் கிடைத்தது! பூர்வகுடிக் கலைஞர்களையும் சரித்திர ஆசிரியர்களையும் அழைத்து, அங்கிருந்த பழைய ஐரோப்பிய-அமெரிக்கச் சித்திரங்களைப் பற்றி அவர்கள் கருத்தை எழுதச் செய்து பக்கத்தில் வைத்தார்கள்.

இதோடு எல்லாம் சுபம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க இந்திய விவகாரச் சங்கம் கண்டனம் தெரிவித்தது. அவற்றில் பல வெறும் கலைப்பொருள்களல்ல, சடங்குக்கு உரியவை; உரிய குலத்தாரைக் கலந்து பேசியிருக்க வேண்டும் என்றது. நியாயமான கேள்விதான். ஒருவருடைய பூஜைச் சாமானை எடுத்து வந்து, கூடத்தில் பட்டு விரித்து வைத்தால் மட்டும் மரியாதை ஆகிவிடுமா?

பிறகு 2020-ல் பூர்வகுடிக் கலைக்கென்றே முதன் முதலாக முழுநேரக் காப்பாளர் ஒருவரை நியமித்தார்கள். 2021-ல், காட்சிசாலை நிற்பது லெனாப்பே மக்களின் பூமி என்று அறிவிக்கும் பலகையை வாசலில் பதித்தார்கள். 2024-ல் சர்க்கார் விதிகளும் கடுமையாயின. புனிதப் பொருள்களையும் சவ அடக்கப் பொருள்களையும் காட்ட உரியவர்களின் சம்மதம் தேவை என்று ஏற்பட்டதும், அந்நாட்டில் பல காட்சிசாலைகள் தங்கள் கண்ணாடிப் பெட்டிகளைத் திரையிட்டு மூடின.

மூடிய பெட்டியைப் பார்த்துச் சிலர் ஏமாற்றமடையலாம். பல வருஷம் சரித்திரம் போதித்த நமக்கோ, அந்தத் திரையும் ஒரு பாடமாகவே தோன்றுகிறது. வாஷிங்டனின் படகைச் சுவரிலிருந்து இறக்க வேண்டியதில்லை. கரையில் இருந்தவர்களையும் பேச விட வேண்டும். இடம் கொடுப்பது முதற் படி. உங்கள் பொருளை இங்கே வைக்கலாமா என்று கேட்பது இரண்டாம் படி. கடினமான படி அதுவே.