நகைக் கடனும் பிள்ளைப் பேறும்

சென்ற ஆண்டு ஒரு கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக் கடன் பேரேட்டைச் சரிபார்த்துக் கொண்டிருந்தோம். நான்கு பவுன் சங்கிலி ஒன்று, 26 மாதங்களில் மூன்று முறை ஈட்டுக்கு வந்திருந்தது. கடனின் நோக்கம் என்ற பத்தியில் மூன்று முறையும் ‘குடும்பச் செலவு’ என்றே எழுதியிருந்தது. குடியோ, சீட்டாட்டமோ என்று நமக்கு ஐயம் உண்டாயிற்று. செயலாளர் தயங்கித் தயங்கி, “அப்படியெல்லாம் இல்லை சார், பிள்ளைக்காக வைத்தியம் பார்க்கிறார்கள்” என்றார். ஐயுற்றமைக்காக நாணினோம்.

அந்த அங்கத்தினர் ஒரு நெசவாளர். அவர் மனைவி வீட்டிலேயே தார் சுற்றுபவர். மணமாகி ஒன்பது ஆண்டுகள். செயலாளரை முன்னிட்டுக்கொண்டு அவர்கள் இல்லத்திற்குச் சென்றோம். “கடன்மேல் கடன் வேண்டாம். ஐந்தாண்டு சேமித்து, அப்புறம் வைத்தியம் தொடங்கலாமே” என்று, ஆய்வாளர் எவரும் சொல்லக்கூடிய புத்திமதியைச் சொல்லி வைத்தோம். அந்த அம்மையார் இராட்டையை நிறுத்தாமலே, “எனக்கு முப்பத்தஞ்சு நடக்குதுங்க ஐயா. அஞ்சு வருசம் கழிச்சுப் பணம் இருக்கும். அப்போ டாக்டரு முடியாதுன்னுட்டா?” என்றார்.

அவர் கேட்டதே நியாயம். பெண்ணின் சினைமுட்டைகள் வயது ஏறஏற எண்ணிக்கையிலும் தரத்திலும் குறைகின்றன. 35க்குப் பின்னர் அக்குறைவு விரைவுபடுகிறது. ஓராண்டு இல்லறம் நடத்தியும் கருத்தரிக்கவில்லையெனில் டாக்டரைக் காண்க என்பது பொது விதி. 35 வயதைக் கடந்த பெண்ணுக்கு ஆறு மாதமே கெடு. எனவே, தள்ளிப்போடுவது இச்செலவில் சிக்கனமாகாது. எதை முதலில் செய்வது, எதை விடுவது என்பதில்தான் சிக்கனம் கிடக்கிறது.

மஞ்சள் பையொன்றில் இருந்த ரசீதுகளைப் பாயில் கொட்டி, சங்கத்தின் செலவுச் சீட்டுகளை அடுக்குவது போலவே தேதிவாரியாக அடுக்கினோம். மூன்று ஆஸ்பத்திரிகள். ஒவ்வோரிடத்திலும் அதே இரத்தப் பரிசோதனை, அதே ஸ்கேன். முந்தைய முடிவுகளை இவர்கள் கொண்டு போகவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மனைவிக்குக் கருக்குழாய்ப் படம், மாத்திரை, ஊசி எல்லாம் நடந்தேறி, பதினான்காம் மாதத்தில்தான் கணவரின் விந்துப் பரிசோதனை ரசீது வருகிறது. அணுக்கள் மிகக் குறைவு என்பது அன்றே தெரிந்தது. அச்சோதனைக்கு ஆன செலவோ சில நூறு ரூபாய்! பிள்ளையில்லாத் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறையும் பங்கு கொள்கிறது. ஆயினும் நம் வீடுகளில் டாக்டரிடம் முதலில் அனுப்பப்படுகிறவள் மனைவியே. “எங்கம்மா அவளைத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க” என்றார் அந்த அங்கத்தினர், தரையைப் பார்த்தவாறு.

நிற்க. சினைப்பை நீர்க்கட்டியால் முட்டை வெளிவராத பெண்களின் நிலை வேறு. அவர்களுக்கு விலை குறைந்த மாத்திரையே முதற்படி. 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2014 ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், லெட்ரோசோல் உண்டவர்களில் நூற்றுக்கு 27.5 பேரும், பழைய குளோமிஃபீன் உண்டவர்களில் 19.1 பேரும் பிள்ளை பெற்றனர். நம் நாட்டில் 2011 இல் இக்காரியத்திற்கு லெட்ரோசோல் தடை செய்யப்பட்டு, 2017 இல் அத்தடை நீங்கியது. பழைய தடையை நினைவில் வைத்து அஞ்சுவோர் இன்றும் உளர். மாத்திரையை டாக்டரின் மேற்பார்வையில்தான் உண்ண வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாத்திரை பயன்படாதபோதும், சோதனைக் குழாய் முறைக்குச் செல்லும்போதும் ஊசி வருகிறது. செலவு ஏறும் இடம் இதுவே. நாள்தோறும் ஒன்றாக ஏறக்குறைய பத்து நாட்கள் போட வேண்டும். இவ்வூசி மருந்து இருவகைப்படும். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பது ஒன்று. இதனால் முதற் குழந்தை 1962 இல் இஸ்ரேலில் பிறந்தது. ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களைக் கொண்டு செய்வது மற்றொன்று. இது 1990களில் வந்தது, விலையும் பெரும்பாலும் கூடுதல். 42 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2011 இல் வெளியான மதிப்பீட்டில், குழந்தை பிறக்கும் வாய்ப்பில் இவ்விரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. “விலை குறைந்த வகை எமக்குப் பொருந்துமா?” என்று டாக்டரைக் கேட்பது அவமரியாதை ஆகாது. நூல் வாங்கும்போது நூலின் நம்பரையும் விலையையும் கேட்காமல் வாங்குகிறோமா?

இனி, சோதனைக் குழாய் முறையின் செலவு. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு சுற்றுக்கு ஒன்று முதல் இரண்டரை இலட்சம் ரூபாய் வரை ஆகிறது. இளவயதினருக்குங்கூட ஒரு சுற்றில் பலன் கிட்டாமற் போவதே பாதிக்கு மேல். ஆகவே ஒரு சுற்றுக்கு மட்டும் பணம் புரட்டிக்கொண்டு இறங்குவோர், பாவுக்கு மட்டும் நூல் வாங்கி ஊடைக்கு வாங்காதவரை ஒப்பர். மேலும், அடிப்படைச் செலவின்மேல் ‘கூடுதல்’ சிகிச்சைகள் சேர்க்கப்படுவதுண்டு. கருப்பையின் உட்சுவரைச் சிறிது சுரண்டிவிடுவது அவற்றுள் ஒன்று. 1,364 பெண்களிடம் நடந்து 2019 இல் வெளிவந்த ஆராய்ச்சியில், சுரண்டியவர்க்கும் சுரண்டாதவர்க்கும் ஒரே அளவு பலன்தான் கிடைத்தது. இரண்டு மூன்று கருக்களை ஒருங்கே வைப்பதும் இலாபமன்று; இரட்டைப் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தால், சிசுப் பாதுகாப்புப் பிரிவின் செலவு முன்னதையெல்லாம் விழுங்கிவிடும்.

இவ்விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருப்பதை அங்கத்தினர் பலர் அறியார். 2021 ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழை அனைவர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். பலன் கிட்டும் வாய்ப்பு, பக்க விளைவுகள், செலவு ஆகியவற்றைத் தம்பதியருக்கு எடுத்துரைப்பதும் மையத்தின் கடமை. செலவு என்பது மருந்து, மயக்க மருந்து, கருவை உறையவைத்தல், அதற்கான ஆண்டு வாடகை யாவும் சேர்ந்தது. எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்பு மையம் உண்டு என்பதையும் அறிக. 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் கணிசமானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுபவை. மாத்திரைச் சீட்டை முதலில் அங்கே காட்டலாம்.

சங்கங்களுக்கும் ஒன்று சொல்வோம். இக்கடனுக்கு வருபவர் எதற்கென்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். அவரைக் கூடத்தில் வைத்துக் கேட்டு மற்றவர் செவியில் விழச் செய்யற்க. அவர் வட்டிக் கடைக்குப் போவது அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே.

மஞ்சள் பைக்குத் திரும்புவோம். ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் கட்டிக் கொடுத்தோம். அதை எடுத்துக்கொண்டு இருவரும் எழும்பூர் சென்று பதிந்து வந்துள்ளனர். வட்டியை மட்டும் கட்டிச் சங்கிலிக் கடனைப் புதுப்பித்துள்ளனர். நான்காம் முறை எழுதியபோதும் நோக்கம் ‘குடும்பச் செலவு’ என்றே இருந்தது. நாம் அதன்கீழ்க் கையொப்பமிட்டோம்.