டாஷ்போர்டு இருண்டால் பின்விளக்கைப் பாருங்கள்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டாரக் கிராமங்களில் மல்லிகையும் பிச்சியும் பறித்த சூட்டோடு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். புளியங்குடி எலுமிச்சை செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்குச் செல்கிறது. இதனால் விளைபொருள் ஏற்றும் வண்டிகள் பல இருட்டில்தான் ஓட வேண்டியுள்ளது. 1986-ல் விற்பனைக்கு வந்த டாட்டா 407 போன்ற பழைய வண்டிகளை வாங்கி ஓட்டும் விவசாயிகளும் உண்டு. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி வரும் தொல்லை, டாஷ்போர்டு விளக்கு எரியாமல் போவது.

"மீட்டர் தெரியாவிட்டால் என்ன, ரோடு தெரிகிறதே" என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இது தவறு. எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடு, ஏர் பிரேக் உள்ள லாரிகளில் காற்றின் அழுத்தம் ஆகியவற்றை ஓட்டுநர் அறிவது இந்த மீட்டர்களால்தான். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பல வண்டிகளில் டாஷ்போர்டு விளக்கும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் ஒரே சுவிட்சில், ஒரே பியூஸில் எரிகின்றன. முன்னால் மீட்டர் இருண்டால் பின்விளக்கும் அணைந்திருக்கலாம். ஹெட்லைட் எரிவதால் இது ஓட்டுநருக்குத் தெரியாது. பின்னால் வேகமாக வரும் பஸ்ஸுக்கும் சுமை வண்டி நிற்பது தெரியாது.

ஆகவே டாஷ்போர்டு இருண்டவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்ப் பார்ப்பது முதல் வேலை. பின்விளக்கும் எரியவில்லை என்றால் கோளாறு பியூஸிலோ சுவிட்சிலோ இருக்கும். பின்விளக்கு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் மீட்டர் பலகையில்தான்.

பியூஸ்

பழைய பெட்டிகளில் பியூஸ் எரியாமலே தொடர்பு விட்டுப்போவது உண்டு. முனைகளில் பச்சை பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டாலே விளக்கு எரியும். பியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதைத்தான் போட வேண்டும். செம்புக் கம்பி சுற்றுவது, சிகரெட் பெட்டித் தாளைச் சொருகுவது போன்றவை கூடவே கூடாது.

இதற்குக் காரணம் உண்டு. 12 வோல்ட் வண்டியில் 5 வாட் பல்பு ஒன்று அரை ஆம்பியருக்கும் குறைவாகவே மின்சாரம் எடுக்கும். பின்விளக்கு, பார்க்கிங் விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்தாலும் சுமார் 3 ஆம்பியர்தான். அப்படியிருக்க 10 ஆம்பியர் பியூஸ் எரிகிறது என்றால் எங்கோ ஒயர் உடைந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். பியூஸுக்குப் பதில் கம்பி இருந்தால் ஒயரே பழுத்துத் தீப்பிடிக்கும். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒயர் எங்கே தொடுகிறது என்று அறிய எளிய வழி உண்டு. பியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஒயர் இணைத்த 21 வாட் பல்பு ஒன்றைப் பொருத்த வேண்டும். சுவிட்சைப் போட்டதும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பின்விளக்கு ஒயர், பார்க்கிங் விளக்கு ஒயர், மீட்டர் ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது வெளிச்சம் சட்டென்று மங்குகிறதோ, கோளாறு அந்த ஒயரில்தான். எஞ்சின் அறையிலிருந்து ஒயர் உள்ளே வரும் துவாரத்தில் ரப்பர் வளையம் விழுந்துவிட்டால் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிடும். வைக்கோல் போர் பக்கம் நிற்கும் வண்டிகளில் எலிக்கடியையும் பார்க்க வேண்டும்.

எர்த்

பல்பும் பியூஸும் நன்றாக இருந்தும் விளக்கு மங்கலாக எரிகிறதா? இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? முள்கள் எல்லாம் ஒன்றாக ஆடுகின்றனவா? இவை எர்த் சரியில்லை என்பதன் அடையாளம். பெரும்பாலான வண்டிகளில் பாட்டரியின் நெகடிவ் முனை பாடியுடன் இணைந்திருக்கும். மீட்டர் பலகையின் எர்த் முனையிலிருந்து பாட்டரி நெகடிவுக்குத் தற்காலிகமாக ஓர் ஒயர் பிடித்துப் பார்க்கலாம். விளக்கு பளிச்சென்று எரிந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயிண்டையும் சுரண்டி இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் போதும்.

சார்ஜ் விளக்கு

சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு இது. ஆரம்பத்திலேயே எரியாவிட்டால் அலட்சியம் கூடாது. ஆல்டர்னேட்டர் உள்ள பல பழைய வண்டிகளில், இந்தப் பல்பு வழியாகச் செல்லும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை வேலை செய்யத் தூண்டுகிறது. பல்பு பியூஸ் போனால் சார்ஜ் ஏறாமல், நடுவழியில் பாட்டரி இறங்கிவிடலாம். இந்த இடத்தில் எல்.இ.டி. பல்பு போட்டாலும், அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் இதே தொல்லை வரக்கூடும்.

பல்புகள் அடிக்கடி எரிந்துபோனால் வோல்டேஜை அளக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் சுமார் 14 வோல்ட், இரண்டு பாட்டரியைத் தொடராக இணைத்த 24 வோல்ட் வண்டியில் சுமார் 28 வோல்ட் இருக்கலாம். 15-க்கு மேலோ 30-க்கு மேலோ போனால் ரெகுலேட்டரைச் சரிபார்க்க வேண்டும். பல்பு வாங்கும்போதும் வண்டியின் வோல்டேஜைச் சொல்லி வாங்க வேண்டும்.

எச்சரிக்கை

மீட்டர் பலகையைக் கழற்றுமுன் பாட்டரியின் நெகடிவ் ஒயரை எடுத்துவிட வேண்டும். மோதிரம், கடிகாரம் அணிந்து பாட்டரிப் பக்கம் கை வைக்கக் கூடாது. ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் எஞ்சின் சூட்டில் பிரிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து உறை போடுவதே நிலைக்கும்.

நான்கைந்து பல்பு, அளவான பியூஸ்கள், ஒரு முழம் ஒயர், ஓர் உப்புத்தாள் ஆகியவற்றை வண்டியில் எப்போதும் வைத்திருப்பது நல்லது. பாரம் ஏற்றிக் கிளம்புமுன் விளக்குகளைப் போட்டு, ஒருமுறை பின்பக்கம் சென்று பார்த்துவிட்டுப் புறப்படுவது அதைவிட நல்லது.