வெள்ளத்தில் நனைந்த வீடும் பூஞ்சக்காளானும்

வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடிந்தவுடன், குடியானவர்கள் பலர் ஈரச் சுவரின்மேல் வெள்ளையடித்து, அதனருகிலேயே நெல் மூட்டைகளை அடுக்கிவிடுகின்றனர். சுவர் வெளுப்பாகத் தோன்றினும் தீங்கு நீங்குவதில்லை. அதன் காரணத்தை இங்கு விளக்குவோம்.

பூஞ்சக்காளானின் வித்துக்கள் காற்றில் எங்கும் உள்ளன. அவை வளர்வதற்கு முக்கியமாக வேண்டுவன ஈரமும் இரையுமே. வைக்கோல், கீற்று, மரம், பாய், சாக்கு, காகிதம் முதலிய யாவும் அதற்கு இரையாம். செங்கல்லும் காரையும் இரையாகாவெனினும், அவற்றின்மீது படிந்த வண்டல் இரையாகும். நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாட்களில் உலராவிடில் பூசணம் பற்றத் தொடங்கும்.

இவற்றுள் சில இனங்கள் நஞ்சை உண்டாக்கும். 1930-களில் உக்ரெயின் தேசத்தில், கரும்பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற குதிரைகள் பல மாண்டன. அதனைக் கையாண்ட மனிதர்க்கும் தோற்புண்ணும் மூக்கில் இரத்தப்போக்கும் கண்டன. ஸ்டாக்கிபாட்ரிஸ் என்னும் அவ்வினமே வீடுகளில் நனைந்த அட்டைத் தடுப்புகளிலும் வளர்வது. தானியத்தைப் பற்றும் பசும்பூசணம் வேறோர் இனம். 1974-ஆம் வருஷக் கடைசியில், ராஜஸ்தான், குஜராத் பகுதிகளின் பல கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 100-க்கு மேற்பட்டோர் ஈரல் நோயால் இறந்தனர். அந்நஞ்சு சமைப்பதனால் முற்றும் அழிவதில்லை.

ஆகையால் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்க:

1. நனைந்த கூரையைப் பிரித்து அகற்றுக. தீவனம் அரிதாயிருப்பினும், பூசணம் கண்ட வைக்கோலைக் கால்நடைகளுக்குத் தீனியாகவோ படுக்கையாகவோ இடலாகாது.

2. ஊறிய பாய், சாக்கு, அட்டைத் தடுப்பு ஆகியவற்றை வைத்திராது அப்புறப்படுத்துக.

3. சுவரின் வண்டலைக் கழுவி, கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுக. பூசணத்தைத் துடைப்பத்தாற் பெருக்கினால் வித்துக்கள் பறக்கும். முகமூடி அணிந்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காசநோயாளரும் இரைப்பு நோயாளரும் குழந்தைகளும் அருகில் இருத்தலாகாது.

4. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி வைக்க. மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி காணின், சுவரினுள் ஈரம் நிற்கின்றதென அறிக. அது நீங்கும்வரை வெள்ளையடித்தல் வீண்.

5. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்தி, சுவரினின்று 1 அடி தள்ளி மரச்சட்டங்களின்மேல் அடுக்குக.

பூசணத்தை மருந்திட்டுக் கொன்றபின்னும் அதன் நஞ்சு எஞ்சி நிற்கும். ஆதலின் சேதக் கணக்கெடுக்கச் செல்லும் கிராம உத்தியோகஸ்தர்கள் இடிந்த சுவர்களை மட்டுமன்றி, இடியாது நிற்கும் ஈரச் சுவர்களையும் பார்வையிட்டு, வீட்டாரை எச்சரித்தல் நலம்.