கம்பெனி கைவிட்ட சவுண்ட் கார்டு

சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1998இல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற சவுண்ட் கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் 64 குரல்களைத் தானே கலந்து ஒலிக்கவைக்கும் சிப் அதில் இருந்தது. அன்றைய கம்ப்யூட்டர்களின் பிராசஸருக்கு அதனால் பெரிய பளு குறைந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடியவர்களும், சிறிய அளவில் இசை அமைத்தவர்களும் விரும்பி வாங்கிய கார்டு அது. 2007இல் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது, இந்தக் கார்டுக்குப் புதிய டிரைவர் தருவதில்லை என்று நிறுவனம் முடிவுசெய்தது. கார்டில் எதுவும் தேயவில்லை, எதுவும் கருகவில்லை. ஆனாலும் விஸ்டாவுக்கு மாறியவர்களுக்கு அது பயனற்றுப் போனது. அதே கார்டை இன்று லினக்ஸ் ஓடும், பிசிஐ ஸ்லாட் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் செருகினால், லினக்ஸின் மையமான கெர்னல் அதை அடையாளம் கண்டு, உரிய டிரைவரைத் தானாக ஏற்றிக்கொள்கிறது. அந்தக் கார்டை இயக்கும் அறிவு நிறுவனத்தின் அலமாரியை விட்டு வெளியே வந்து, யாரும் படிக்கக்கூடிய, யாரும் திருத்தக்கூடிய நிரலாக இருப்பதே இதற்குக் காரணம். ஒரு கருவியின் ஆயுள் அதன் டிரைவர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சவுண்ட் கார்டின் சிப்புக்குள் ரெஜிஸ்டர் எனப்படும் சிறு சிறு நினைவறைகள் இருக்கின்றன. எந்த அறையில் எந்த எண்ணை எழுதினால் சத்தம் கூடும், எதில் எழுதினால் மைக்கிலிருந்து பதிவு தொடங்கும், கையிலிருந்த ஒலித்துண்டு தீர்ந்ததும் அடுத்ததைக் கேட்டுச் சிப் எப்படிப் பிராசஸரின் கவனத்தைக் கோரும் என்பதெல்லாம் அந்தச் சிப்பை வடிவமைத்தவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும். அந்த விவரங்களை இயங்குதளத்துக்குப் புரியும் நிரலாக எழுதிவைத்தால் அது டிரைவர். லினக்ஸில் இந்த வேலை 1990களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பின்லாந்துக்காரரான ஹன்னு சவோலைனென் எழுதிய டிரைவர்கள்தான் பின்னர் ஓஎஸ்எஸ் என்று பெயர்பெற்றன. செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற கார்டை முழுத் திறனோடு ஓட்ட வேண்டும் என்று தொடங்கிய வேலை அல்சா என்ற டிரைவர் தொகுப்பாக வளர்ந்தது. அது 2002இல் கெர்னலின் 2.5 சோதனை வரிசையில் சேர்ந்து, 2003 டிசம்பரில் வெளியான 2.6 முதல் பொது வழக்குக்கு வந்தது. இதற்கிடையில், 1999இல், லைவ் கார்டுக்கான லினக்ஸ் டிரைவரின் மூல நிரலைக் கிரியேட்டிவ் நிறுவனமே ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டது. இன்று கெர்னலில் இருக்கும் அந்தச் சிப்பின் ரெஜிஸ்டர் பட்டியல் கோப்பைத் திறந்தால், பதிப்புரிமை வரியில் கிசெலாவின் பெயரும் கிரியேட்டிவின் பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓஎஸ்எஸ் போய் அல்சா வந்தபோது லைவ் கார்டு வழியில் விழாமல் கூடவே வந்து சேர்ந்ததன் ரகசியம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி அதே நிறுவனத்தின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. 2005இல் வந்த எக்ஸ்-ஃபை, லைவைவிடப் பல மடங்கு திறன் கொண்ட கார்டு. ஆனால் லினக்ஸ் பயனர்களுக்கு அது ஆண்டுக்கணக்கில் வெறும் பலகையாகக் கிடந்தது. சிப்பின் விவரங்கள் வெளியே வராததால் அல்சா குழுவினரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நடுவில் நிறுவனம் தந்த மூடிய சோதனை டிரைவரும் காப்பாற்றவில்லை. லினக்ஸ் கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். மூல நிரல் கையில் இல்லாத டிரைவரை அந்த மாற்றத்துக்கு ஏற்பத் திருத்த வெளியாருக்கு வழி கிடையாது. 2008 நவம்பரில் நிறுவனம் மூல நிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்த 2.6.31 கெர்னலில் எக்ஸ்-ஃபை டிரைவர் சேர்ந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அசையாத காரியம், நிரல் வெளியே வந்து ஓராண்டுக்குள் முடிந்தது. அதே 2008இல் விண்டோஸ் பக்கம் வேறொன்று நடந்தது. விஸ்டாவில் முடங்கிய கார்டு வசதிகளை மீட்க, பயனர் ஒருவர் நிறுவனத்தின் டிரைவர்களைத் திருத்தி மற்றவர்களுக்கு வழங்கிவந்தார். நிறுவனம் அவரை நிறுத்தச் சொன்னது, வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பழுதுபார்க்கக் கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் அந்தக் கொதிப்பின் சாரம்.

சரி, லினக்ஸில் பழைய கார்டை அமைப்பது உண்மையில் எவ்வளவு பாடு? கஷ்டமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி தீர்ந்துவிடும். முதல் சிக்கல் பெயரில். அட்டைப்பெட்டியில் 'சவுண்ட் பிளாஸ்டர் லைவ்' என்று அச்சிட்டு விற்ற கார்டுகள் எல்லாவற்றிலும் ஒரே சிப் இல்லை. அசல் லைவில் இருப்பது இஎம்யு10கே1. டெல் கம்ப்யூட்டர்களோடு வந்த சில லைவ் கார்டுகளில் இருப்பது இஎம்யு10கே1எக்ஸ். ஓர் எழுத்துதான் கூடுதல், ஆனால் அதற்கு டிரைவரே வேறு. பிறகு வந்த 24-பிட் லைவில் சிஏ0106 என்ற முற்றிலும் வேறான சிப். ஆகவே பெட்டியின் பெயரை நம்பித் தேடினால் வழிதவறும். டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்' தேர்வோடு கொடுத்தால், பிசிஐ கருவிகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு நான்கிலக்க எண்கள் வரும். 1102 என்றால் கிரியேட்டிவ். அதற்கடுத்து 0002 வந்தால் அசல் லைவ், 0006 வந்தால் டெல் ரகம், 0007 வந்தால் சிஏ0106. கெர்னல் பார்ப்பதும் இதே எண்களைத்தான். ஒவ்வொரு டிரைவரும் தான் எந்தெந்த எண்களுக்கு உரியது என்ற பட்டியலைச் சுமந்திருக்கிறது. பொருத்தம் கண்டதும் அந்த டிரைவர் மாட்யூல் ஏறிவிடும். சிடியிலிருந்து இன்ஸ்டால் செய்யும் சடங்கு எதுவும் இங்கே தேவைப்படாது.

டிரைவர் ஏறிய பிறகும் சத்தம் வராமல் போவதுதான் இரண்டாவது சிக்கல். பெரும்பாலானோர் கைவிடுவதும் இங்கேதான். அல்சா வழக்கமாகச் சவுண்ட் கார்டின் சேனல்களை மியூட் நிலையில்தான் தொடங்கும். திடீரென்று ஸ்பீக்கர் அலறிவிடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. 'அல்சாமிக்சர்' என்று தட்டினால் திரை முழுக்கச் செங்குத்துப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டையின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் அது மியூட்டில் இருக்கிறது. எம் கீயை அழுத்தினால் '00' என்று மாறித் திறந்துகொள்ளும். மாஸ்டர், பிசிஎம், வேவ் ஆகியவற்றைத் திறந்து மேலே ஏற்ற வேண்டும். லைவ் கார்டின் பல மாடல்களில் இதற்கு நேர்மாறான ஒரு பட்டையும் உண்டு: 'அனலாக்/டிஜிட்டல் அவுட்புட் ஜாக்'. அது திறந்திருந்தால் ஒலி டிஜிட்டல் வடிவில் வெளியேறும். சாதாரண ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. அதை மட்டும் மியூட்டில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் திறந்துவிட்டேன், இன்னும் சத்தம் இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மதர்போர்டிலேயே இருக்கும் ஒலிச் சிப் முதல் கார்டு என்ற இடத்தைப் பிடித்துக்கொள்வது அடுத்த தொல்லை. டெஸ்க்டாப்பின் ஒலி அமைப்புகளில் வெளியீட்டுக் கருவியை மாற்றினாலே பெரும்பாலும் போதும். அதற்கும் மசியாவிட்டால் 'மாட்ப்ரோப்.டி' ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பு எழுதி, எந்த மாட்யூலுக்கு 0, எதற்கு 1 என்று வரிசையை நிலைப்படுத்தலாம்.

பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகும் இன்னும் பழைய கார்டுகளின் கதை வேறு. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளத் தெரியாத காலத்துக் கார்டு. அதன் தொடக்க மாடல்களில் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, 5 என்பன போன்ற எண்களைக் கார்டின் மேலுள்ள ஜம்பர்களைப் பார்த்து நாமே டிரைவரிடம் சொல்ல வேண்டும். அந்த டிரைவரும் கெர்னலில் இன்றுவரை இருக்கிறது. ஆனால் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்கான ஆதரவு 32-பிட் கெர்னலில்தான் கிடைக்கும்.

இவ்வளவு எதற்கு, மதர்போர்டில் இலவசமாகவே ஒலி வருகிறதே என்ற கேள்வி நியாயமானது. பாட்டு கேட்கவும் காணொளி பார்க்கவும் இன்றைய மதர்போர்டு ஒலியே தாராளம். அதற்காகப் பழைய கார்டைத் தேடிப்போகச் சொல்ல மாட்டேன். ஆனால் சவுண்ட்ஃபான்ட் கோப்புகளைக் கார்டின் சிப்பிலேயே ஏற்றி மிடி இசையை ஒலிக்கவைக்க விரும்புகிறவர்களுக்கும், நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒலிப்பதிவுக் கார்டை வைத்திருக்கிறவர்களுக்கும் மதர்போர்டு ஒலி மாற்றாகாது. அதைவிட முக்கியம், இந்தக் கேள்வி சவுண்ட் கார்டோடு நின்றுவிடுவதில்லை. ஸ்கேனர், பிரின்டர், டிவி டியூனர், வெப்கேம் என்று நல்ல நிலையில் குப்பைக்குப் போகும் கருவிகளில் எத்தனையோ இதே காரணத்தால்தான் போகின்றன. புதியது மலிவு என்ற பதில், பழையதை எறிவதற்கான செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய நிரலைச் சுமப்பது தன்னார்வலர்களுக்கு வீண் பளு, பாதுகாப்புக்கும் ஆபத்து என்பது கனமான ஆட்சேபம். கெர்னல் குழுவினரும் இதை உணர்ந்தவர்களே. 386 பிராசஸருக்கான ஆதரவை 2013இல் வெளிவந்த 3.8இல் நீக்கினார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகை தன் 13ஆம் பதிப்பில், 2025 ஆகஸ்டில், 32-பிட் கம்ப்யூட்டர்களுக்கான கெர்னலையும் இன்ஸ்டாலரையும் நிறுத்திவிட்டது. மேலே சொன்ன ஐஎஸ்ஏ கார்டுக்காரர்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. திறந்த மூலம் என்றால் சாகாவரம் என்று நினைக்க இடமில்லை. ஆனால் அங்கே நீக்கம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால், காரணம் சொல்லி நடக்கிறது. நீக்கிய நிரலும் அழிந்துபோவதில்லை. வேண்டுகிறவர் பழைய பதிப்பிலிருந்து எடுத்துத் தொடரலாம். அக்கறையுள்ள ஒருவர் இருக்கும்வரை எந்த டிரைவரும் தள்ளப்பட்டுவிடுவதில்லை என்பதற்கு லைவ் கார்டே சாட்சி: 2023இல் வந்த 6.5 கெர்னலில், கார்டு பிறந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, அந்த டிரைவருக்கு ஏராளமான திருத்தங்கள் சேர்ந்தன. எந்த நிறுவனமும் அந்த வயதுப் பொருளுக்குச் சம்பளம் கொடுத்து ஆளை உட்காரவைக்காது. வைக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. நிறுவனத்திடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: விற்பதையும் பராமரிப்பதையும் நிறுத்தும் நாளில், சிப்பின் விவரங்களையும் டிரைவரின் மூல நிரலையும் வெளியிடட்டும். தொழில் ரகசியம் போய்விடும் என்ற அச்சத்துக்கு, 1999இலும் 2008இலும் கிரியேட்டிவ் செய்ததே பதில். இரண்டு முறையும் கார்டுகள் விற்பனையில் இருந்த காலத்திலேயே நிரல் வெளியே வந்தது.

கருவி வாங்குகிறவர்களும் கடையில் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: இதற்கு லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா? வாங்கப்போவது விண்டோஸுக்காக என்றாலும் கேளுங்கள். பத்தாண்டு கழித்து அந்தக் கருவி பயன்படுமா என்பதை அந்தப் பதில் பெருமளவு சொல்லிவிடும். பரணில் பழைய சவுண்ட் கார்டு வைத்திருக்கிறவர்கள், எடைக்குப் போடுவதற்கு முன், ஒரு பென் டிரைவில் ஏதேனும் ஒரு லினக்ஸை ஏற்றி, கார்டைச் செருகிய கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் எதையும் தொட வேண்டியதில்லை. டெர்மினலில் 'ஏபிளே' கட்டளையை 'எல்' தேர்வோடு கொடுத்தால் கார்டின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அல்சாமிக்சரில் மியூட்டை எடுத்துவிட்டு ஒரு பாட்டைப் போடுங்கள்.