குடும்ப வரலாறும் பொது நூல்நிலையமும்

அரசர் வரலாற்றைக் கல்வெட்டுக்கள் காக்கும். குடிகள் வரலாற்றைக் காப்பன யாவை? வீட்டுப் பெட்டகத்திலுறங்கும் நிலப்பத்திரங்களும், சாதக ஓலைகளும், வேதபுத்தகத்தின் முன்னேட்டில் வரைந்த பிறப்பிறப்புக் குறிப்புக்களுமேயாம். கறையான் அரிக்குமுன், இன்னாருடையது, இன்ன ஊரது என்னுங் குறிப்புடன் அவற்றைப் பொது நூல்நிலையத்திற் சேர்ப்பித்தல் நம் கடன்.

புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு, 1846-ல் கண்டெடுத்துப் படியெடுக்கப்பட்டமையாலன்றோ நமக்குக் கிட்டியது!

ஆயினும் சேர்ப்பித்தல் மட்டும் போதாது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. வேறு படியில்லாதன மீளவேயில்லை. ஆதலின் அளிக்குமுன் படியெடுப்போமாக. ஒன்று இல்லத்தும், ஒன்று நூல்நிலையத்தும், மற்றொன்று வேற்றூரிலும் இருக்கட்டும். பாட்டியார் உள்ளபோதே முன்னோர் பெயர்களைக் கேட்டெழுதுதல், இவ்விடுமுறையில் நாம் தொடங்கற்குரிய முதற்பணியாகும்.