கூரை மாற்றும் வீட்டில் செடி கொடிகளைக் காப்பது எப்படி?

மழைக்காலம் முடிந்து ஜனவரி பிறந்துவிட்டால் நம் ஊரில் சாரம் கட்டும் வேலை தொடங்கிவிடும். வடக்குத் தெருவிலிருந்து தெற்குத் தெரு வரை ஏதாவது ஒரு வீட்டில் பழைய ஓடு இறங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் புதுத் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம் ஊர் வழக்கம் என்பதால் பல வேலைகள் ஒரு கல்யாணத் தேதியை முன்னால் வைத்துக்கொண்டுதான் நடக்கின்றன. சம்பாதிக்கும் ஆண்கள் துபாயிலோ சவூதியிலோ இருப்பார்கள். மேஸ்திரியிடம் பேசுவது, கூலி கொடுப்பது, வேலையாட்களுக்குத் தேநீர் போடுவது எல்லாம் வீட்டுப் பெண்களின் தலையில் விழும். இந்த அவசரத்தில் யாருடைய கணக்கிலும் வராமல் போவது கொல்லையில் நிற்கும் முருங்கையும் மருதாணியும்தான்.

வீடு பழுது பார்க்க உதவி கேட்டு வரும் குடும்பங்களின் வீடுகளை நாங்கள் வேலைக்கு முன்னும் பின்னும் போய்ப் பார்ப்பது வழக்கம். கூரை நன்றாக வந்திருக்கும். கொல்லை வெறும் சிமெண்ட் திட்டாகக் கிடக்கும். வசதி உள்ளவர்களுக்கு அது ஒரு அழகு போன வருத்தம். வசதி குறைந்த வீட்டிலோ நாளைய கீரையும், கறிவேப்பிலையும், எலுமிச்சையும் இனிக் கடைச் செலவாகிவிடும். நிலத்தடி நீர் உப்பாக உள்ள நம் ஊரில், அந்த மரத்தை இத்தனை உயரம் கொண்டுவர எத்தனை குடம் நல்ல தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மேலேயிருந்து ஓடு விழுந்து செத்த செடிகள் குறைவு. பெரும்பாலான செடிகளைக் கொல்பவை வேறு: பாண்டுச் சட்டி கழுவிய சிமெண்ட் தண்ணீர், வேரின் மேல் குவித்த மணலும் ஜல்லியும், நாள் முழுக்கப் போர்த்திய தார்ப்பாய், வேலை மும்முரத்தில் ஊற்ற மறந்த தண்ணீர். நான்கையும் தடுக்க முடியும். ஆனால் முதல் ஓடு இறங்குவதற்கு முன்பே அதற்கான பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

மேஸ்திரியிடம் முதலில் பேச வேண்டியது

கூலி பேசும் அன்றே மேஸ்திரியைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, பழைய ஓடும் காரையும் எந்தப் பக்கம் இறங்கும், மணலும் ஜல்லியும் எங்கே கொட்டப்படும், கலவை எங்கே போடுவார்கள், சட்டியும் மம்பட்டியும் எங்கே கழுவுவார்கள் என்று இடம் காட்டிப் பேசிவிடுங்கள். கழுவும் இடத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதுதான் முக்கியம்.

காரணம் இது. பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை பல வருடம் காற்றுப் பட்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிட்ட ஒன்று. (நம் கடற்கரையில் அந்தக் காலத்தில் பவளப் பாறையையும் சிப்பியையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பு அது. இன்று பவளத்தைத் தொடுவதே வன உயிரினச் சட்டப்படி குற்றம்.) அதன் காரம் அடங்கிவிட்டது. கொஞ்சம் கொல்லையில் விழுந்தாலும் கூட்டி அள்ளிவிட்டால் பெரிய கெடுதல் இல்லை. ஈரச் சிமெண்ட் அப்படியல்ல. நல்ல தண்ணீரின் பி.எச். அளவு 7 என்றால் சிமெண்ட் கரைந்த தண்ணீரில் அது 12-க்கு மேல் போகும். கையுறை இல்லாமல் கலவை அள்ளும் சித்தாள்களின் விரல் இடுக்கு வெந்து புண்ணாவது இதனால்தான். அதே தண்ணீர் தினமும் இரண்டு முறை எலுமிச்சையின் வேரில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செடிகளிலிருந்து தள்ளி ஒரு சின்னக் குழி வெட்டி, கனமான பாலிதீன் விரித்து, எல்லாக் கழுவலும் அதில்தான் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் அடியில் கட்டியாக நிற்பதை எடுத்து மற்ற இடிபாடுகளோடு சேர்த்து அனுப்பலாம். தெரு வாய்க்காலில் விடுவது இதற்கு மாற்று வழி ஆகாது. இடிபாடுகளைத் தெருவிலும் வாய்க்காலிலும் கொட்டக் கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது.

சென்ட்ரிங் பலகைக்குப் பூசும் எண்ணெயும் கவனத்துக்கு உரியது. பல இடங்களில் வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலைத்தான் தடவுகிறார்கள். பலகையைச் செடிப் பாத்தியில் சாய்த்து வைத்துத் தடவினால் சொட்டுவது முழுதும் மண்ணில் இறங்கும். தெருப் பக்கம் வைத்துத் தடவி எடுத்து வரச் சொல்லுங்கள்.

மணல், ஜல்லி விஷயத்தில் ஒரே விதிதான்: மரத்தின் கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்குள் குவிக்கக் கூடாது. சத்தை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடி மண்ணிலேயே இருக்கிறது. பாரம் ஏறினால் மண் இறுகும், வேருக்குக் காற்றுப் போகாது. மரம் அன்றைக்கே வாடாது. மூன்று மாதம் கழித்து இலை உதிர்க்கும். அப்போது யாருக்கும் காரணம் புரியாது. இடம் குறுகிய வீடுகளில் ஆட்கள் நடக்கும் பாதையில் மட்டுமாவது கழற்றிய பழைய பலகைகளைப் போட்டு வையுங்கள்.

எந்தச் செடிக்கு என்ன செய்வது

முருங்கை மெத்தென்ற மரம். ஓடு பட்டால் கிளை முறியும். தயங்காமல் மூன்று, நான்கு அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். கலவை தெறிக்காமல் அடிமரத்தைச் சாக்கால் சுற்றிவிட்டால் போதும், வேலை முடிவதற்குள் துளிர்த்துவிடும். வெட்டிய கிளையில் கைத்தண்டு கனமுள்ள இரண்டு போத்தை வேறு வீட்டுக் கொல்லையில் நட்டு வைப்பது நல்லது.

மருதாணியும் அப்படியே. எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் தழைக்கும். பெருநாள் நெருங்குகிறது என்றால் முதலில் இலையை உருவி நிழலில் காயவைத்துக்கொண்டு, பிறகு வெட்டுங்கள்.

மல்லிகைக்கு எப்படியும் நவம்பர் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும். முழங்கால் உயரத்துக்கு வெட்டிய புதரின் மேல் பனையோலைத் தட்டி ஒன்றைக் கூடாரம் போலச் சாய்த்துவிடலாம். ஒருவேளை தவறிப்போனாலும் தங்கச்சிமடம் பக்கமே குண்டுமல்லி நாற்று கிடைக்கும். வெளி மாவட்டத்துக்காரர்கள் அங்கே வந்து வாங்கிப் போகிறார்கள்.

கறிவேப்பிலையைப் பெயர்த்து நட நினைக்காதீர்கள். வளர்ந்த மரம் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நான்கு சவுக்குக் கம்பு ஊன்றி, மேலே பலகையோ தகரமோ வைத்துக் கட்டி, அது நிற்கும் இடத்திலேயே காப்பாற்ற வேண்டும். பக்கத்தில் வேரிலிருந்து கிளம்பிய கன்று இருந்தால் அதை மட்டும் மண்ணோடு எடுத்துத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். அது நசுங்கினால் மரமே போய்விடும். ஆகவே சாரக் கம்பையோ கயிற்றையோ தென்னையில் கட்ட விடக் கூடாது; மட்டைகளுக்கு நடுவே காரை விழுந்து தங்கவும் விடக் கூடாது.

சின்ன மாதுளை, எலுமிச்சைக் கன்றுகளை இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். தூரிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் மம்பட்டியால் வேரை வெட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றி வைத்தால் உள்ளே புதுச் சல்லிவேர் விடும். பிறகு அஸருக்குப் பின் வெயில் தாழ்ந்ததும் மண்கட்டி உடையாமல் எடுத்து, ஈரச் சாக்கில் கட்டி, நிழலில் வையுங்கள். தொட்டிச் செடிகளுக்குப் பக்கத்து வீட்டு முற்றம்தான் பாதுகாப்பு. அந்த வீட்டுக்காரர்களிடம் பேசப் போகும்போது, சுவரை ஒட்டி அவர்கள் வைத்திருக்கும் செடிகள் மீதும் நம் வீட்டுத் தூசிதான் விழும் என்பதைச் சொல்லி, அவற்றையும் மூடிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தூசி எந்தப் பக்கம் போகும் என்பது காற்றைப் பொறுத்தது. ஜனவரியில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. வீட்டுக்குத் தெற்கேயும் மேற்கேயும் நிற்கும் செடிகள்தான் வாங்கும். ஆடியில் தென்மேற்குக் காற்று, எல்லாம் தலைகீழ்.

மூடும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் நீலத் தார்ப்பாயைச் செடியின் மேல் நேராகப் போர்த்தினால் உள்ளே வெந்துவிடும். கம்பு ஊன்றி, இலையில் படாமல் மேலே பச்சை நிழல்வலையோ, கிடுகோ, பழைய கைலியோ கட்டுங்கள். தார்ப்பாய் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஓடு இறக்கும் நேரம் மட்டும் போட்டு, ஆட்கள் சாப்பிடப் போகும்போதே எடுத்துவிடுங்கள். மாலையில் இலையில் படிந்த சிமெண்ட் தூசியை முதலில் உலுக்கித் தட்டிவிட்டு, பிறகு நல்ல தண்ணீரைத் தாராளமாகத் தெளிக்க வேண்டும். தட்டாமல் லேசாக நனைத்தால், அல்லது இரவுப் பனிக்கு விட்டால், தூசி இலை மேலேயே இறுகிவிடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரை இலையில் தெளிப்பது இன்னொரு கெடுதல்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கான்கிரீட்டுக்கே உப்புத் தண்ணீர் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டில் ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிர்ணயம் 456 சொல்கிறது. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். அதனால் எப்படியும் லாரித் தண்ணீர் வாங்குவீர்கள். அதில் தினம் இரண்டு குடத்தைச் செடிக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். நல்ல தண்ணீரில் ஒளூ செய்யும் வீடுகளில், கீழே ஒரு அகலமான சட்டி வைத்தால் ஐந்து வேளையும் சேரும் தண்ணீர் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் போதும். சோப்புக் கலக்காத தண்ணீர் என்பதால் தயங்க வேண்டியதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால்

கொல்லைச் சமையலறை, குளியலறை, ஆட்டுக் கொட்டகை இவற்றின் மேல் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகள் நிறைய உண்டு. இங்கே செடியை விட மனிதர்களைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஷீட் முழுதாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் கிளம்புகின்றன. மூச்சில் போனால் நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். மண்ணில் விழுந்த நார் மக்குவதும் இல்லை, கரைவதும் இல்லை. காய்ந்த கொல்லையைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் அது எழும்பும். அங்கேதான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அங்கேதான் நாம் கீரை பறிக்கிறோம்.

ஆகவே சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே தள்ளும் வேலையை அனுமதிக்காதீர்கள். ஷீட்டை நன்றாக நனைத்து, ஜே போல்ட்டைக் கழற்றி, முழுசாகக் கையில் வாங்கி இறக்க வேண்டும். கட்டிங் மெஷின் கூடவே கூடாது. வேலையாட்களுக்குத் துணி முகக்கவசம் போதாது. கீழே பாலிதீன் விரித்து, விழும் துண்டுகளை ஈரமாகவே பொறுக்கிக் கட்ட வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. பக்கத்து முருங்கையிலும் கீரைப் பாத்தியிலும் இருக்கும் இலைகளை நனைத்து வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, புதுத் துளிர் வந்த பிறகே சமையலுக்குப் பறியுங்கள். உடைந்த துண்டுகளைப் பாத்தி ஓரத்தில் நட்டு வைப்பதும், கோழிக் கூட்டுக்கு மூடியாக்குவதும் நம் ஊரில் சாதாரணம். இதை நிறுத்தியே ஆக வேண்டும்.

தளம் போட்ட பிறகு

புதுத் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். நம் ஊர் போன்ற வறண்ட சூட்டில் பத்து நாளுக்குக் குறையாமல் நிறுத்த வேண்டும் என்பது தரநிர்ணயம். அந்தத் தண்ணீரும் காரம் ஏறியதுதான். குழாய் வழியாக வழிவது பாத்திக்குள் போகாமல், ஒரு நீள ஹோஸ் மாட்டித் திருப்பிவிடுங்கள். மழைநீர்த் தொட்டிக்கும் அதை விட வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மழை தளத்தைக் கழுவிய பிறகு இணைப்புக் கொடுக்கலாம்.

சில மாதம் கழித்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், சுண்ணாம்பு கூடியதால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்று பொருள். உரக்கடையில் அன்னபேதி உப்பு வாங்கி லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாதம் ஒரு முறை மாலையில் இலையில் தெளிக்கலாம். மேல்மண்ணைக் கொத்திவிட்டு நன்றாக மக்கிய ஆட்டு எருவும் இடுங்கள்.

கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று. ஓட்டுக் கூரையில் மழை பெய்தால் இறவாரம் முழுவதும் சீராகச் சொட்டும். அந்தச் சொட்டில்தான் சுவரோர மல்லிகை வருடக் கணக்கில் வாழ்ந்திருக்கும். கான்கிரீட் தளத்திலோ மொத்த மழையும் ஒன்றிரண்டு குழாய் வழியாகக் கொட்டும். குழாய்க்கு நேரே நிற்கும் செடி அழுகும், மற்றவை காயும். முற்றத்தையும் சேர்த்து மூடிவிட்டால் அங்குள்ள செடிக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குழாய் வைக்கும் இடத்தைத் தளம் போடும் முன்பே செடிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குழாயின் கீழ் ஒரு கருங்கல் போட்டு, அங்கிருந்து பாத்தி ஓரமாக விரல் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டால், அக்டோபர் மழை தானே போய் எல்லாச் செடிக்கும் சேரும்.