மெடிக்கல் கோடிங் புத்தகம்: விலைக்கு முன் ஆண்டைப் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அதே நிலை தங்களுக்கும் வரலாம் என்பதால், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஒப்பந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள், கைவசம் இன்னொரு தொழில் வேண்டும் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. பி.எஸ்சி., பி.பார்ம். படித்தவர்கள் பலரும் மெடிக்கல் கோடிங் பக்கம் திரும்புகிறார்கள். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இன்சூரன்ஸ் பில்லில் பதிவதுதான் வேலை. சென்னையில் இதற்கு நிறைய நிறுவனங்கள் உண்டு. பலர் பணத்தை இழப்பது வேலைக்குப் போகும் முன்பே, புத்தகத்திலும் பயிற்சிக் கட்டணத்திலும்தான்.

இந்தத் தொழிலில் பழைய புத்தகம் மலிவான புத்தகம் அல்ல, தவறான புத்தகம். நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று மாறுகிறது. சிகிச்சைகளுக்கான சிபிடி ஜனவரி 1 அன்று மாறுகிறது. கோவிட் நோய்க்கான யு07.1 குறியீடு 2020 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன் அச்சான புத்தகத்தில் அதைத் தேடிப் பயனில்லை. 99201 என்ற சிபிடி குறியீடு 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. பழைய புத்தகத்தை விற்க வருபவரிடம் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அது நடப்புக் குறியீடாகவே அச்சாகியிருந்தால் வாங்காதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஐசிடி வாங்குவோர் அடுத்த பதிப்புக்குச் சில வாரம் பொறுத்திருப்பது நல்லது.

ஜெராக்ஸ் பிரதியும் இப்படித்தான் காலை வாரும். மெடிக்கல் கோடர் சான்றிதழுக்கான சிபிசி தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம்: 100 கேள்வி, 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். ஆனால் சிபிடிக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட புத்தகத்தையே அனுமதிக்கிறார்கள். அதன் பதிப்புரிமையும் அந்தச் சங்கத்துடையது. நகலெடுத்து விற்பது சட்டப்படி குற்றம்.

ஐசிடி-10-சிஎம் முழுப் பட்டியலும் அதன் விதிமுறைக் கையேடும் அமெரிக்க அரசின் சிடிசி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 70,000-க்கும் மேற்பட்ட குறியீடுகளை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. தேடத் தெரிந்தால் போதும். ஆகவே எடுத்த எடுப்பில் கடன் வாங்கி பெரிய குறியீட்டுப் புத்தகங்களை எல்லாம் வாங்க வேண்டாம். முதலில் உடற்கூறியலும் மருத்துவச் சொற்களும் கற்றுத்தரும் நூல் ஒன்று போதும். உடற்கூறு பத்தாண்டில் மாறிவிடாது என்பதால் அதைப் பழைய புத்தகமாகவே வாங்கலாம். குறியீட்டுப் புத்தகங்களுக்கான பணத்தைத் தேர்வு எழுதும் ஆண்டுக்கு வைத்திருங்கள்.

‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பயிற்சி மையங்கள் இப்படி உத்தரவாத விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள். புத்தகத்தின் பதிப்பாண்டும் அதில் இருக்கட்டும். அசல் சான்றிதழை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். வேலைக்காக ஊர் விட்டு வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்கு, கையை விட்டுப் போன சான்றிதழைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். பயிற்சி மையங்களின் சேவைக் குறைபாடு நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. மையம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது; வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்துவிட வேண்டும். ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வழக்கு முடியும் வரை அழிக்காதீர்கள்.